மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்

கோத்தகிரியில் நாலு மணிக்கு மேல்
மைதானம் யாருக்கும் சொந்தமில்லை.
முதலில் மூடுபனி வரும்.
பிறகு, மனமிருந்தால், காட்டுமாடு.
இன்று இரண்டும் வந்திருக்கின்றன.
லெஃப்ட் ஃபீல்டில் சுதர்ஷினி நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி,
தேயிலை ஓரம், அது மேய்கிறது.
பத்து நிமிஷம் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள்.
விசில் அதற்கு ஒரு பொருட்டில்லை.
சரி, ஆடுங்கள் என்றுவிட்டார்கள்.

"கான்சன்ட்ரேட், கான்சன்ட்ரேட்" என்கிறார் பி.டி. சார்,
ஜலதோஷத்துக்கு மாத்திரை சொல்வதுபோல.
பெயர் அவருக்குத் தெரியும்.
எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாது.

என் தலைக்குள்
ஐந்து நாற்பது பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.
அம்மா இலை எடை போட வரிசையில் நிற்கிறாள்,
இன்று கிலோ என்ன விலையோ.
கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் பாதி வரைந்த பிப்பெட்.
போன மாசம் குன்னூரில்
நாலு பேரை அடுத்தடுத்து
பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டேனே,
அந்த நாலு பேரும் ஏறி
ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.
கண்டக்டர் நான்தான்.
யாரையும் இறக்கிவிடத் தெரியாத கண்டக்டர்.

விரலுக்குள் பந்தைத் திருப்புகிறேன்.
சிவப்புத் தையல் நூற்றெட்டு என்பார்கள்.
ஒரு மழைநாளில் எண்ணினேன், நூற்றாறு.
மிச்சம் இரண்டும்
ஏதோ ஒரு செடியின் தூரில் அறுந்து கிடக்கும்.
அந்த இல்லாத இடத்தில்
நடுவிரல் தானாகப் போய் உட்காருகிறது,
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல.

அந்தக் கோடியில் பெனினா.
முகம் தெரியவில்லை, முகத்துக்கு முன்னிருக்கும் கம்பியும்.
பனி அவளைக் காலிலிருந்து தின்றுகொண்டே வந்து
கையுறையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.
தேங்காயெண்ணெய் தடவித் தடவிக் கறுத்த வட்டம்.
தோசைக்கல் அளவு.

பக்கத்தில் மஞ்சூர்க்காரி.
அவளும் பாதிதான் தெரிகிறாள்:
நீலக் கேன்வாஸ் ஷூ, ஒரு லேஸ் வெள்ளை, ஒரு லேஸ் கறுப்பு.

மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக்.
இனி ஒன்று.

பஸ்ஸிலிருந்து யாரும் இறங்கவில்லை.
அதைச் சொல்லிவிட வேண்டும்.
அம்மா வரிசையில்தான் நிற்கிறாள்.
பிப்பெட் பாதியில்தான் நிற்கிறது.
நான்தான் இறங்கினேன்,
கொண்டை ஊசி வளைவில் வண்டி தயங்கும்போது
கடைசிப் படியிலிருந்து காலை வைப்போமே
அப்படி.
அவர்கள் எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
என்னைப் பார்த்தபடியே மேலேறிப் போனார்கள்.

ரோட்டில்
ஒரு தோசைக்கல்.
இல்லாத இரண்டு தையல்.
மூச்சு, பாதி.

வீசினேன்.

இந்தப் பதினாலு வயசில்
என் கையிலிருந்து போன மிக நல்ல பந்து அது.
மஞ்சூர்க்காரி அதை அடித்தாள்.
அலுமினியக் குடம் படியில் உருண்டதுபோல் ஒரு சத்தம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
பந்து எந்தப் பக்கம் போனது என்று
பனிக்குத்தான் வெளிச்சம்.
சுதர்ஷினி வெள்ளையைப் பார்த்துக் கையை விரித்தபடி ஓடினாள்.
காட்டுமாடு ஒருதரம் தலை தூக்கியது,
மென்றது.

சார் மறுபடி அதே மாத்திரையைச் சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இருந்தேன் சார்.
ஒரு பந்து போகிற நேரம்
முழுசாக இங்கேதான் இருந்தேன்.

கீழ் வளைவில் ஹாரன்.
திரும்பி வருகிறது, எல்லாரோடும்;
எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள்.
அடுத்தவள் வந்து தரையைத் தட்டுகிறாள்.

தேடிப்போன பந்து கிடைக்கவில்லை.
பெனினா வேறொன்றைத் தூக்கிப் போடுகிறாள்.
புதுசு.
தையல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.
எங்கே உட்காருவது என்று தெரியாமல்
நடுவிரல்
சுற்றிச் சுற்றி வருகிறது.